ஒகேனக்கல்லில் நான் உடைத்த பாறை

பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தக் காலத்தில் சினிமாவைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் மைக் செட் வைத்திருந்தேன். ஒரு ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு சுழலும் பெட்டி, மரத்தில் கட்ட இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, இத்தனையையும் ஏற்றிக்கொண்டு போக கேரியர் வைத்த சைக்கிள். கல்யாணமோ காதுகுத்தோ மாரியம்மன் பண்டிகையோ, விடிகாலையில் சாமி பாட்டில் ஆரம்பித்துச் சாயங்காலம் காதல் பாட்டில் கொண்டுவந்து நிறுத்துவேன். சினிமாப் பாட்டு என் பெட்டியிலிருந்து வந்ததால், சினிமாவே என் வழியாகத்தான் வருகிறது என்று ஊரில் சிலர் நினைத்தார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நினைத்தேன்.

நெற்றியில் ஒரு சுருள் முடி விட்டிருந்தேன். அது தானாகச் சுருளாது. தேங்காயெண்ணெய் தொட்டு, விரலில் சுற்றி, காயும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சலூனுக்கு வரும் சினிமாப் பத்திரிகையை முதலில் படிப்பவன் நான்தான். படித்ததில் பாதியையும் படிக்காததில் பாதியையும் சேர்த்து டீக்கடையில் சொல்வேன். எந்தக் கதாநாயகன் நிஜமாகவே குதிரை ஓட்டுவான், எவனுக்கு டூப், மழை எப்படிப் பெய்கிறது, கண்ணீர் எப்படி வருகிறது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒன்று உண்டு. ஒருமுறை பேட்டரி வாங்கச் சேலம் போனவன், அங்கே இருந்த சினிமா ஸ்டுடியோவின் வாசலில் வெகுநேரம் நின்றேன். காவலாளி உள்ளே விடவில்லை. பெரிய கார் ஒன்று உள்ளே போயிற்று. ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. அது நடிகருடையதா டிரைவருடையதா என்று இன்றுவரை தெரியாது. ஊருக்கு வந்து, "ஸ்டுடியோவுக்குப் போயிட்டு வந்தேன்" என்றேன். பொய் இல்லை. அந்த ஒரு முழங்கையை வைத்துப் பல வருஷம் ஓட்டினேன்.

என் மனைவி மட்டும் இதில் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"நீங்கதான் ஸ்டுடியோவுக்கெல்லாம் போறவராச்சே. எங்களையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போனா என்னாங்க?"

"இப்ப அங்க மராமத்து நடக்குது" என்பேன்.

"போன வருசமும் அதைத்தான் சொன்னீங்க."

"பெரிய ஸ்டுடியோ. மராமத்துன்னா லேசுல முடியுமா?"

அவள் மேலே கேட்க மாட்டாள். கேட்காமல் விடுவதில் அவளுக்கு ஒரு தனி முறை இருந்தது. கேட்டதைவிட அது அதிக நேரம் நீடிக்கும்.

இப்படி இருக்கையில் ஸ்டுடியோவே எங்கள் ஜில்லாவைத் தேடி வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ராஜா ராணிக் கதை ஒன்றை எடுக்க ஒகேனக்கல்லில் வந்து இறங்கியது. ஆற்றங்கரையில் கோட்டை வாசல், சிறைச்சாலை, தீப்பந்தக் கம்பங்கள் எல்லாம் போட்டிருப்பதாகச் செய்தி. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது நான் அல்ல என்பதுதான் எனக்கு முதல் அடி. என் மனைவியின் அண்ணன் பென்னாகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கம்பெனி ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. 'குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வரவும், மாப்பிள்ளைக்கும் சினிமா பார்த்த மாதிரி இருக்கும்' என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்.

"மாப்பிள்ளைக்கும் சினிமா பார்த்த மாதிரி இருக்கும்" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் மனைவி அதற்குள் புளி கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று நான் உடுத்திய உடுப்பைச் சொல்லியாக வேண்டும். காலை ஒட்டிப் பிடிக்கும் பேண்ட் ஒன்று புதிதாகத் தைத்திருந்தேன். அதில் நிற்கலாம், மெதுவாக நடக்கலாம். உட்காருவதென்றால் முதலில் யோசிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி. ஷூ பக்கத்துத் தெரு நண்பனுடையது, அவன் கால் என் காலைவிடச் சிறியது. யாராவது டைரக்டர் கண்ணில் பட்டால் என்னவாகும் என்ற யோசனை எனக்கு இல்லவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருந்தது. பஸ்ஸில் ஏறும்போதே ஒரு கதாநாயகனின் நண்பன் வேஷத்தை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வயது மகள், மூன்று வயது மகன், தூக்குச் சட்டியில் புளிச்சோறு, நாங்கள் இரண்டு பேர். தர்மபுரியில் பஸ் மாறினோம், பென்னாகரத்தில் மறுபடி மாறினோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

"சினிமாவில எதுவுமே நிஜமில்லைங்க. மலைன்னு நெனைப்பீங்க, அட்டை. மரம்னு நெனைப்பீங்க, அட்டை. கூட இருந்து பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தின் வளைவுகளில் என் மகன் என் வெள்ளை ஷூவின் மீது வாந்தி எடுத்தான். "இது நிஜந்தானுங்களே" என்றாள் மனைவி.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் மச்சானைத் தேடினோம். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு, பெரிய அண்டாக்களுக்கு நடுவில் நின்றார். சினிமாக்காரர்கள் அத்தனை பேரும் அவரை "அண்ணே" என்றார்கள். "அண்ணே, ரசம் நேத்து மாதிரியே வேணும்" என்று கேட்டுவிட்டுப் போனவரைப் பார்த்தேன். பத்திரிகையில் நான் பார்த்திருக்கும் வில்லன் நடிகர். என் மச்சானுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. "நல்லா சாப்புடுவாருங்க மாப்ள" என்றார்.

கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்தது. மச்சான் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "நம்ம ஊட்டு ஆளுங்க" என்று காவலுக்கு நின்றவரிடம் சொன்னார். நாங்கள் குனிந்து நுழைந்தோம். பல வருஷமாக என் கையில் இருந்த சினிமாவுக்குள் சாப்பாட்டுக் கடைக்காரரின் தங்கை வீட்டுக்காரனாகப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே போனதும் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோட்டை வாசலின் பின்பக்கம் போய் மூங்கிலும் கோணிச்சாக்கும் தெரிவதைக் காட்டியபோது அவள் கண்கள் விரிந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த மரம் பாரு. இதுவும் அட்டைதான்" என்று ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். மேலேயிருந்து எறும்புக் கூடு ஒன்று உதிர்ந்தது. அது அந்த இடத்தில் நெடுங்காலமாக நிற்கும் மருத மரம்.

எறும்பைத் தட்டிவிட்டு நடந்தேன். அடுத்து ஒரு பாறை. "இது?" என்று மகள் கேட்டாள்.

"அட்டை. பாரு, எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்கான்" என்று காலால் எட்டி உதைத்தேன். கடன் வாங்கிய ஷூவின் முன்பக்கம் பிளந்தது. பெருவிரலில் வந்த வலியைக் கறுப்புக் கண்ணாடி பாதி மறைத்தது.

"இனிமே எதையும் தொடாமச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

ஷூட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் இல்லை. வெயிலில் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருவர் கத்துகிறார். நான்கு பேர் ஒரு பலகையைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்கிறார்கள். பிறகு அதையே அந்தப் பக்கம் வைக்கிறார்கள். கதாநாயகி ஒரு குடையின் கீழ் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். போர்வீரர்கள் ஈட்டிகளை மரத்தில் சாய்த்துவிட்டுப் பீடி பிடித்தார்கள். ஒகேனக்கல் அருவிச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைய காட்சியை ஒரு வீரனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிறையிலிருந்து தப்பிய கதாநாயகன் ஒரு பெரும் பாறையைத் தலைக்கு மேல் தூக்கி வீரர்கள் மேல் எறிகிறான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான். இதை என் சொந்தத் தகவல்போல மனைவியிடம் சொன்னேன்.

சாப்பாட்டு வேளை வந்தது. மச்சான் எல்லாருக்கும் பரிமாறினார். நாங்கள் கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்தோம். மனைவியும் குழந்தைகளும் மணலில் உட்கார்ந்தார்கள். என் பேண்ட்டுக்கு மணல் ஒத்துவராது. கொஞ்சம் உயரமாக ஏதாவது வேண்டும். ஒகேனக்கல்லில் பாறைக்குப் பஞ்சமா? கண்ணுக்கு எட்டியவரை பாறைதான். இரண்டு முறை அடிபட்டிருந்ததால் இந்த இடத்தில் எல்லாமே நிஜம் என்ற முடிவுக்கு நான் அப்போது வந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒன்றில், இலையில் புளிச்சோற்றோடு, யோசித்து, மெதுவாக, உட்கார்ந்தேன்.

அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்து வானம் தெரிந்தது. என் முழங்கால்கள் இரண்டும் மூக்குக்கு நேராக நின்றன. இடுப்பு எங்கோ கீழே இருந்தது. இலை மட்டும் கையில் நேராக இருந்தது, ஒரு பருக்கை சிந்தவில்லை. அதை மட்டும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மகள் கிட்டே வந்து பாறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இதுதான் அட்டை" என்றாள்.

முதலில் சிரித்தது வில்லன் நடிகர். பிறகு வீரர்கள். குடையின் கீழ் படுத்திருந்த கதாநாயகி ஈரத்துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மானேஜர் என்று ஒருவர் ஓடிவந்தார். "யாருய்யா நீ? எந்த டிபார்ட்மெண்டு?"

"மைக் செட்டுங்க" என்றேன், பாறைக்குள்ளிருந்து.

"மைக்கா? நம்மகிட்ட அப்படி ஒரு ஆளே இல்லையே."

அதற்குள் மச்சான் கரண்டியோடு வந்துவிட்டார். "நம்ம தங்கச்சி ஊட்டுக்காரருங்க. தெரியாம உக்காந்துட்டாரு. கோவிச்சுக்காதீங்க, சாயங்காலம் போண்டா போடறேன்" என்றார். போண்டா என்றதும் மானேஜரின் முகம் கொஞ்சம் இளகியது. இரண்டு வீரர்கள் என் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தார்கள். பேண்ட் பின்பக்கம் எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. மனைவி ஒரு துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிவிட்டாள்.

செட் போடும் ஆட்கள் வந்து பாறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கோணியும் காகிதமும் வைத்து ஒட்டிவிடலாம், மேலே சாயம் அடித்துவிடலாம், ஆனால் உள்ளே இருக்கும் மூங்கில் சட்டம் முறிந்துவிட்டது, தூக்கினால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்றார்கள். மச்சானின் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினார்கள். டைரக்டர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகப் பேசும் மனிதர்.

"தூக்க வேண்டாம். மேலே ஒரு காலை வச்சுக்கிட்டு வசனம் பேசட்டும்" என்றார்.

"கால் வச்சா அமுங்கிடும் சார்" என்றார் செட் ஆள். "உள்ளே யாராவது உக்காந்து தாங்கினாத்தான் உண்டு."

யாரும் என்னைக் கைகாட்டவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் சினிமாவில் சேர்ந்தது இப்படித்தான்.

பாறையின் பின்பக்கம் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியாகத் தவழ்ந்து உள்ளே போய், மண்டிபோட்டு, ஒரு பலகையைத் தோளில் வைத்துத் தாங்க வேண்டும். பலகையின் மேல் பாறையின் உச்சி, அதன் மேல் கதாநாயகனின் கால். உள்ளே இருட்டு. பசை வாடை. கோணித் தூசியில் தும்மல் வந்தது. முன்பக்கம் விரற்கடை அளவு ஒரு இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்தால் மணலும், ஒரு வீரனின் கால் கட்டைவிரலும் தெரியும்.

கதாநாயகன் வந்ததைப் பார்க்கவில்லை, தோளில்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்நாடே கொண்டாடிய அந்த மனிதரின் ஒரு காலின் எடை என் வலது தோளில் இறங்கியது.

"உள்ளே ஆள் இருக்கா?" என்று மேலே ஒரு குரல்.

"இருக்கேனுங்க" என்றேன்.

"ஆடாமப் பிடிச்சுக்குங்க. வழுக்குது."

"சரிங்க."

ஒரு பெரிய நடிகரோடு என் வாழ்நாளில் நான் நடத்திய முதல் உரையாடல் அது.

வசனம் நீளமானது. தாய்நாடு, வாள், குருதி, சிங்கம் எல்லாம் வரும். அவர் ஆரம்பிப்பார், சிங்கத்துக்கு அருகில் வந்ததும் மறந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து. வெயில் ஏற ஏற அவருக்கு அலுப்பு ஏறியது. அலுப்பு ஏறும்போது எடையும் ஏறும் என்பதை அன்று தோளால் கற்றுக்கொண்டேன். உதவி டைரக்டர் தூரத்தில் நின்று எடுத்துக்கொடுத்தது அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கோ திரும்பத் திரும்பக் கேட்டு வசனம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. மைக் செட்காரனுக்கு ஒரு இசைத்தட்டை நாலு தடவை போட்டாலே போதும்.

மறுபடியும் சிங்கத்தில் வந்து அவர் நின்றபோது, என்ன துணிச்சலோ, "குகைக்குள் அடைத்தாலும்" என்று பாறைக்குள்ளிருந்து சொல்லிவிட்டேன்.

செத்தோம் என்று நினைத்தேன். பிறகு மேலேயிருந்து சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கச் சிரிக்கப் பலகை என் தோளில் குதித்தது.

"பாறை நல்லாத்தான் சொல்லுது. குரலை மெட்ராஸ்ல போய்ச் சேர்க்கிறதுதானே சார், அது சொல்லட்டும், நான் பேசறேன்" என்றார். டைரக்டரும் சம்மதித்தார்.

அப்புறம் நான் சொல்லச் சொல்ல அவர் முழங்கினார். தாய்நாடு, வாள், குருதி, சிங்கம், குகை. அடுத்த முறையிலேயே காட்சி முடிந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். யாருக்கு என்று கேட்க முடியாத இடத்தில் நான் இருந்தேன். கால் என் தோளைவிட்டு இறங்கியது. "வரேங்க பாறை" என்றார். ஓட்டை வழியாகத் தவழ்ந்து வெளியே வருவதற்குள் அவர் காரில் ஏறிப் போய்விட்டார். கால்கள் மரத்துப்போய் மணலில் கிடந்தேன். சுருள் முடியில் மைதாப் பசை காய்ந்து, அது முதல்முறையாக அசையாமல் நின்றது.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். கதாநாயகி என் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். நிஜத்தில் அவர் முகத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருக்கிறதாம், கிட்டே பார்த்தால் தெரியுமாம். மகன் ஒரு வீரனின் மடியில் மரக் கத்தியைக் கட்டிக்கொண்டு தூங்கினானாம். மகளுக்குக் கேமராவின் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்தார்களாம்.

"கதாநாயகர் எப்படி இருந்தாரு?" என்று கேட்டேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"கொஞ்சம் குட்டைங்க" என்றாள். "உங்களவிடக் குட்டை. ஆனா நல்ல செகப்பு." பிறகு என் தோளில் கையை வைத்து, பஸ் மலையேறும் மட்டும் அழுத்திப் பிடித்துவிட்டாள்.

ஊரில் இதை எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் வாசகம் யோசித்தேன். வேலையே இல்லாமல் போயிற்று. காலையில் நான் டீக்கடைக்குப் போவதற்குள் மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். உடைந்தது, மாட்டிக்கொண்டது, பேண்ட் கிழிந்தது, ஒன்றையும் விடவில்லை. டீக்கடையில் மழை எப்படிப் பெய்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. "உள்ளுக்குள்ள எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார்கள். அதற்கு எனக்கு உண்மையான பதிலே இருந்தது. சொல்லச் சொல்ல அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அந்த வசனத்தை முழுக்கச் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு கல்யாண வீடுகளில் குழாய் கட்டி முடித்ததும் மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஹலோ" சொல்வதற்குப் பதிலாக அதைத்தான் சொல்லவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சொன்னேன்.

அடுத்த வருஷம் அந்தப் படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. எங்கள் தெருவே திரண்டு போயிற்று. நான் பெஞ்சு டிக்கெட்டில், மனைவி பெண்கள் பக்கத்தில். மகள் தன் வகுப்புப் பிள்ளைகளை ஒரு படையாகக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் மணல் தரையில் இடம் பிடித்திருந்தாள்.

சிறையிலிருந்து கதாநாயகன் தப்பினான். அருவி தெரிந்தது. என் தோள் தானாக வலித்தது. அவர் வந்து நின்றார், முழங்கினார். தாய்நாடு, வாள், குருதி. திரையில் அவருடைய முகம் இருந்தது, மார்பு இருந்தது, காற்றில் பறக்கும் மேலாடை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இடுப்புக்கு மேலேதான் படம் பிடித்திருந்தார்கள். பாறையும் இல்லை, காலும் இல்லை. சிங்கமும் குகையும் முடிந்தன, காட்சி அரண்மனைக்குப் போய்விட்டது.

பெஞ்சில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் மரியாதைக்காகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். அது என் மனைவியின் இருமல் என்று எனக்குத் தெரியும்.

இடைவேளையில் வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா என்று இருந்தது. கிளம்பவில்லை. ஏனென்றால் அந்தக் காட்சி ஓடியபோதே முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்ததைக் கவனித்திருந்தேன். முறுக்கு வாங்கும் சாக்கில் அங்கே போய்ப் பார்த்தேன். என் மகள் எழுந்து நின்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"படத்துல தெரியாது. எங்கப்பா அதுக்குங் கீழ இருக்காரு" என்று திரையின் அடிப்பக்கத்தைக் கைகாட்டினாள்.

அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் மணலில் கவிழ்ந்து படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, திரைத்துணிக்குக் கீழே இருந்த இருட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.